செய்யாத பாவத்துக்குச் சாட்சி

பதின்மூன்று வயதில் எனக்கிருந்த பெரிய குறை, வெளியில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பாவம் இல்லாததுதான். சிரிக்காதீர்கள். மலாயாவில், லாபிஸுக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவே தகரக் கூரை போட்டு நின்ற எங்கள் கோயிலில் அது சாதாரணக் குறை இல்லை.

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை சிங்கப்பூரிலிருந்து ஐயர் ரயிலில் வருவார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அன்றைக்குச் சாட்சிக் கூட்டம். ஒவ்வொருவராக எழுந்து, தான் எப்படிக் கெட்டுக் கிடந்தேன், ஆண்டவர் எப்படித் தூக்கி விட்டார் என்று சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். இதில் எங்கள் சபையின் ராஜா ஒரு தச்சு ஆசாரி. ஒரு காலத்தில் மொடாக் குடியர். "கள்ளுக்கடை வாசல்ல, சாக்கடையில கெடந்தேன் ஐயரே!" என்று அவர் ஆரம்பித்ததுமே பெண்கள் பக்கம் முந்தானைகள் கண்ணுக்குப் போய்விடும். ஒவ்வொரு மாதமும் அந்தச் சாக்கடை ஆழமாகிக்கொண்டே போனது. முதலில் கணுக்கால் அளவு, பிறகு இடுப்பளவு. நான் சொல்லும் இந்தக் காலத்தில் கழுத்துவரை வந்திருந்தது. அவர் உட்காரும்போது ஸ்தோத்திரம், அல்லேலூயா என்று தகரக் கூரை அதிரும்.

அடுத்து நான் எழுவேன். "தம்பியைக் கிள்ளினேன். ஆண்டவர் மன்னித்தார்." ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "நல்லது, உட்காரும்மா" என்பார். அந்த 'நல்லது' எனக்கு எப்படி எரியும் தெரியுமா! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஆசாரி மேல்தான் கோபம் வரும். குடித்துக் கெட்டவருக்கு அல்லேலூயா, ஒழுங்காக இருந்தவளுக்கு உட்காரும்மாவா என்று பொருமுவேன்.

பெரியவர்களுக்கு வாலிபர் சங்கம் இருந்தது. பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுவரை உள்ள எங்களுக்குச் சின்னச் சங்கம். மொத்தம் ஏழு பேர். சனிக்கிழமை மத்தியானம் கூடுவோம். என் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர். புண்ணுக்குக் கட்டுப் போடுவார், காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பார். துரைக்கு ஊசி போட்ட கை அது. அந்த மரியாதையில் எனக்குச் செயலாளர் பதவி கிடைத்தது. என் திறமைக்குக் கிடைத்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாடம் நடத்தியவர் உபதேசியார். திருநெல்வேலிப் பக்கமிருந்து கப்பலேறி வந்தவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் ஊருக்கே போதும். வாரம் ஒரு வசனம் மனப்பாடம். ஒப்பித்தால் ஒரு வண்ணச் சீட்டு, பத்துச் சீட்டுச் சேர்ந்தால் ஒரு படம். அப்புறம் வசனம் தேடும் பந்தயம். வேதபுத்தகத்தை மூடி மடியில் வைத்திருப்போம். அவர் அதிகாரமும் வசனமும் சொல்லி "ம்!" என்றதும் புரட்ட வேண்டும். முதலில் கண்டுபிடித்தவர் எழுந்து வாசிக்கலாம். அதில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. ஏனென்றால் அவர் ஒரு இருபது வசனங்களையே திருப்பித் திருப்பிக் கேட்பார் என்று கண்டுபிடித்து, அந்தப் பக்கங்களிலெல்லாம் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து வைத்திருந்தேன். சாட்சி சொல்வதற்கு அதையே சொல்லியிருக்கலாம். அது பாவம் என்று அந்த மண்டைக்கு உறைத்தால்தானே!

சின்னச் சங்கத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிடியரிசி வாங்கி வருவது. வேதக்காரர் வீடுகளில் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து அம்மாமார் ஒரு பிடி அள்ளி அடுப்போரத்துச் சட்டியில் போட்டு வைப்பார்கள். அது ஆண்டவருக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை நாங்கள் சாக்கோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கி உபதேசியார் வீட்டில் சேர்ப்போம். அது ரப்பர் விலை படுத்துக் கிடந்த காலம். சபையிலிருந்து உபதேசியாருக்குச் சம்பளம் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அவருடைய நான்கு பிள்ளைகளும் அந்தச் சாக்கை நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

இந்த ஊழியத்தில் என் பங்கு, குடை பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பது. வாசலில் நின்று ஒரு வசனம் சொல்வேன். சாக்கைத் தலையில் சுமந்தவள் வேறொருத்தி, என் வயதுக்காரி, எங்கள் சங்கத்தில் லயத்திலிருந்து வந்த ஒரே பெண். லயம் என்றால் பால்வெட்டுக்காரர்களின் வரிசை வீடுகள். விலை விழுந்ததும் அவள் அப்பாவின் பேரைத் தோட்டத்தில் வெட்டிவிட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் வேலை, அதுவும் பாதி நாள் கூலிக்கு. அவளுக்குக் கீழே மூன்று பேர், கடைசித் தம்பி இன்னும் தவழ்கிறவன். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும், அவள் பின்தங்கினால் "சீக்கிரம் வா புள்ள, வெயிலு ஏறுதுல்ல" என்று அதட்டத்தான் எனக்கு வாய் வந்தது. குடைக்குள் இடமிருக்கிறது, நீயும் வா என்று ஒருநாள்கூடச் சொன்னதில்லை.

அந்த வருஷம் உபதேசியாரம்மா ஒருநாள் பேச்சுவாக்கில், "ரெண்டு மாசமா சாக்கு வரவர எளைச்சுப் போகுது, என்னமோ" என்று சொல்லிவிட்டார். சொன்னது பெரிய கிராணியின் மனைவியிடம். பெரிய கிராணி என்பவர் தோட்டத்து ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா, எங்கள் சபையில் மூப்பர். ஆபீஸ் விசாரணை எல்லாம் நடத்திப் பழகிய மனிதர். "கர்த்தருடைய அரிசியில கை வச்சது யாரு? ஐயர் வரட்டும், விசாரிச்சிருவோம்" என்று கிளம்பிவிட்டார். உபதேசியார் மட்டும், "எலியா இருக்கும், விடுங்க ஐயா. எலிக்கும் வயிறு உண்டுல்லா" என்றார். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. இத்தனை வசனம் ஏறிய தலைக்குள் அது மட்டும் ஏறவில்லை. என் புத்தி போன திசையே வேறு. ஊரே பேசுகிற ஒரு பாவம், செய்தவர் யாரென்று தெரியாமல் அநாதையாகக் கிடக்கிறது. எனக்கோ பாவப் பஞ்சம். எடுத்துக்கொண்டால் என்ன?

அந்த வாரம் முழுக்க ஒத்திகை பார்த்தேன். அப்பா சவரம் செய்யும் கண்ணாடி முன்னால் நின்று, "நான்தான் அந்தப் பாவி" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டு எனக்கே அழுகை வந்தது. ஐயர் என் தலையில் கை வைப்பதையும், ஆசாரி வாயைப் பிளந்து பார்ப்பதையும் நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, நான் அந்த ஓணானை வீட்டுக்கு அழைத்து வந்து பொட்டு வைத்துப் பூ முடித்தேன்.

ஐயர் வந்தார். ஆசாரி கழுத்தளவு சாக்கடையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். நான் எழுந்தேன். "ஐயரே, சபையாரே! பிடியரிசியைத் திருடினது நான்தான்!"

தகரத்தில் பல்லி ஓடினால் கேட்கும், அப்படி அமைதி. பிசாசு என் காதில் எப்படி ஓதியது, என் கை எப்படி நடுங்கியது என்று ஒத்திகை பார்த்ததை எல்லாம் கொட்டினேன். முடித்ததும் பெரிய கிராணி எழுந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அரிசிய எடுத்து என்னம்மா செஞ்ச?"

அலமாக், எங்கள் ஊர் மலாய் ஐயோ! அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. டிரெஸர் வீட்டில் அரிசிக்கு என்ன குறை? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பச்சையாத் தின்னேன்."

"ரெண்டு மாசமாவா?"

"ஆமாங்க."

"அடப் பாவமே, வயிறு என்னத்துக்காகும்!" என்றார் உபதேசியாரம்மா.

ஆனாலும் நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது. ஐயர் இறங்கி வந்து என் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தார். சபை எழுந்து பாடியது. அல்லேலூயா ஆசாரிக்குக் கிடைத்ததைவிடப் பலமாகவே இருந்தது. அந்தப் பெருமையோடு நான் திரும்பிப் பார்த்தேன். ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் அப்பா குனிந்து காலில் போட்டிருந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துரைக்கு முன்னால்கூட அவர் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் ரோத்தான் இறங்கியது. பிரம்புக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். அப்பா என்னை அடித்தது அந்த ஒருநாள்தான். அடித்து முடித்து, மூச்சு வாங்கி உட்கார்ந்து, என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு நகத்தைப் பார்த்தார். "அரிசியப் பச்சையாத் தின்னுறாள்னா வயித்துல பூச்சிதான் இருக்கும்" என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாவாக அடித்தவர் டிரெஸராக மாறி, அன்று சாயங்காலமே பூச்சி மருந்தும் அதன்மேல் விளக்கெண்ணெயும் கொடுத்தார். மூன்று நாள் நான் பட்ட பாடு எனக்கும் எங்கள் கொல்லைக்கும்தான் தெரியும். பாவம்தான் பொய்யே தவிர பேதி நிஜம். அப்பா ஒரு மூட்டை அரிசி வாங்கி உபதேசியார் வீட்டுக்கு அனுப்பினார். கொண்டுபோய்க் கொடுக்க அவருக்கு முகம் இல்லை, ஆள் வைத்து அனுப்பினார்.

நான்காம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில், ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பின்னால் அந்த லயத்துப் பெண் என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன் புள்ள அப்படிச் சொன்ன?"

"ஆவியானவர் ஏவினாரு" என்றேன், முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டு.

"சும்மா இரு. நீ எடுக்கல. எடுத்தது நானு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடி என் மனசில் என்ன ஓடியது என்று சொல்ல இந்த வயதிலும் வெட்கமாக இருக்கிறது. 'ஆகா, இவளை நான் காப்பாற்றியிருக்கிறேன்! இதோ அழப்போகிறாள், என் கையைப் பிடித்து நன்றி சொல்லப்போகிறாள்' என்று நினைத்தேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாயைக்கூடத் திறந்தேன்.

அவள் அழவில்லை. கோபத்தில் அவள் மூக்கு விடைத்திருந்தது. "சனிக்கெழம நாலே நாலு பிடி எடுப்பேன், பாவாடை மடியில. மத்த நாளு மரவள்ளிக்கெழங்குதான். ஞாயித்துக்கெழம மட்டும் எங்க வீட்டுல கஞ்சியில சோறு இருக்கும். உபதேசியாருக்குத் தெரியும். ஒருநாளு பாத்துட்டாரு. பாத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அதான் எலின்னு சொன்னாரு. நீ எந்திரிச்சுப் பேர் வாங்கிட்ட. இப்ப பெரிய கிராணி என்ன செஞ்சிருக்காரு தெரியுமா? சின்னச் சங்கத்துக்கிட்ட இனிமே சாக்கே கெடையாதாம். அன்னைக்கே கூட்டம் முடிஞ்ச கையோட கோயில்பிள்ளைதான் தூக்கிட்டுப் போனாரு, இனிமே அவருதானாம்."

கோயில்பிள்ளை என்பவர் கோயிலைப் பெருக்கி மணியடிக்கிறவர். அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது.

"இந்த ஞாயித்துக்கெழம தம்பி சட்டிக்குள்ள கைய விட்டுத் தொளாவுறான். கெழங்குதான் வருது. மறுபடி தொளாவுறான். பேரு வாங்க உனக்கு வேற எடமே கெடைக்கலயா புள்ள?"

நான் செய்யாத திருட்டு ஒன்றைச் செய்ததாகச் சொல்லி, தவழ்கிற குழந்தையின் சோற்றைப் பிடுங்கியிருக்கிறேன். அது உறைத்தபோது, ரோத்தான் அடி பட்ட இடத்தைவிட அதிகமாக வலித்தது.

"நான் சொன்னது பொய்யின்னு சபையில சொல்லிடறேன்" என்றேன்.

"சொல்லு. அப்பறம் யாரு எடுத்ததுன்னு கேப்பாங்க. கங்காணி காதுக்குப் போகும். திருட்டுக் குடும்பம்னு அம்மா பேரையும் வெட்டிடுவாங்க. வாய மூடிக்கிட்டு இரு. அது ஒன்னுதான் நீ செய்யக் கூடியது."

வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாத தொழில். ஆனாலும் மூடிக்கொண்டேன். அதோடு இன்னொன்றும் செய்தேன். அந்தச் சனிக்கிழமை காலையில், அம்மா துணி துவைக்கக் குழாயடிக்குப் போன நேரம், எங்கள் அரிசிப் பானையைத் திறந்தேன்.

திறந்து பார்த்தால் உள்ளே அரிசியின் மேல் ஒரு சிலுவை! யாராவது கைவைத்தால் தெரிய வேண்டும் என்று அம்மா விரலால் கீறி வைத்திருந்தார். பெற்ற மகளையே நம்ப முடியாமல் போட்ட சிலுவை. ஆண்டவர் நேரில் வந்து பானைக்குள் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது. பிறகு அந்தச் சிலுவையை அழித்து, நான்கு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, மறுபடியும் ஒரு சிலுவை போட்டேன். அவசரத்தில் போட்டாலும் அம்மா போட்டதைவிட நேராக வந்தது. செயலாளர் கை அல்லவா!

இப்படியே வாரா வாரம் நடந்தது. சங்கம் கூடி, வசனம் ஒப்பித்து, பாட்டுப் பாடி முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் போய் முடிச்சை அவளிடம் கொடுப்பேன். பாவம் செய்துவிட்டுச் சாட்சி சொல்கிறவர்கள் ஊரெல்லாம் உண்டு. முதலில் சாட்சி சொல்லிவிட்டு, அந்தச் சாட்சி பொய்யாகிவிடக் கூடாதே என்று பிறகு பாவம் செய்தவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

மறுமாதம் ஐயர் வந்தார். எனக்கு முதல் நாளே பயம். அன்று காலை பானையிலிருந்து மூன்று பிடியோடு நிறுத்திக்கொண்டேன். முடிச்சு இடுப்பில் உறுத்த, பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஆசாரி இன்னும் எழுந்திருக்கவில்லை. ஐயர் நேரே என்னைப் பார்த்து, "போன மாசம் அறிக்கை செஞ்ச நம்ம மகளை ஆண்டவர் இந்த மாசம் எப்படி நடத்தினாரு? எழுந்து சொல்லும்மா" என்றார்.

எழுந்தேன். எத்தனை வருஷம் இதற்காக ஏங்கியிருக்கிறேன்! இப்போது என்னிடம் சொந்தமாக ஒரு பாவம் இருந்தது. இரவல் இல்லை, ஒத்திகை இல்லை. அன்று காலையில் செய்தது, சூடாக இடுப்பிலேயே இருந்தது. ஆசாரியின் சாக்கடை அதன் பக்கத்தில் வர முடியாது. வாயைத் திறந்தால் போதும். ஆண்கள் பக்கம் பார்த்தேன். அப்பா கடைசி பெஞ்சில் இன்னும் குனிந்துதான் இருந்தார். பக்கத்தில் அவள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆண்டவர் கிருபையால, ஒரு மணி அரிசிகூட எடுக்கலைங்க" என்றேன்.

கூரை அதிர்ந்தது. ஆசாரியே எழுந்து நின்று கத்தினார். பெரிய கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பா மெல்லத் தலையைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சபையாரின் முகத்தைப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து அப்போதுதான் அவர் மனிதர் முகம் பார்த்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஒத்திகை பார்க்காத அழுகை. மூக்கெல்லாம் ஒழுகி, பார்க்க அசிங்கமாக இருந்திருக்கும். ஆவியானவர் இறங்கிவிட்டார் என்று சபை இன்னொரு பாட்டுப் பாடியது. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் நான் சாட்சி சொல்ல எழுந்ததில்லை. கேட்டால், தொண்டை சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

கூட்டம் கலைந்ததும் கோயிலுக்குப் பின்னால் போய் முடிச்சை நீட்டினேன். என் முகம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. அவள் ஏதாவது ஆறுதல் சொல்லுவாள் என்று அப்போதும் ஒரு நப்பாசை. அவள் முடிச்சை வாங்கி உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள்.

"ஒரு பிடி கொறையுதே புள்ள?"

"ஐயர் வர்ற நாளாச்சேன்னு பயந்துட்டேன்."

"ஐயர் வர்ற நாளுன்னு தம்பிக்குப் பசிக்காம இருக்குமா?" என்றாள். திட்டுகிற மாதிரி இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை ஐந்து பிடி எடுத்தேன். அவள் அப்பாவுக்கு ரயில் பாதையில் வேலை கிடைக்க இன்னும் ஐந்து மாதம் ஆனது. அதுவரை ஒரு வாரம்கூட அந்த ஐந்து பிடி குறையவில்லை.